எத்தனை சேனல் சார் வேணும்?

டிவி வாங்கப் போனா எத்தனை இஞ்ச்னு கேப்பாங்க. செல்போன் வாங்கப் போனா எத்தனை மெகாபிக்சல். காது மெஷின் வாங்கப் போனா கேக்குற கேள்வி, "எத்தனை சேனல் சார் வேணும்?" எட்டு, பதினாறு, இருபத்துநாலுன்னு வழவழன்னு ஒரு அட்டை மேசை மேல விரியும். சேனல் ஏற ஏற விலையும் ஏறும். எதிர்ல உக்காந்திருக்கிற எழுபது வயசு மனுஷனுக்கு அந்தக் கேள்வியே சரியா விழுந்திருக்காது (அதுக்குத்தானே வந்திருக்காரு!). கூட வந்த பையன் வாட்சைப் பாத்துக்கிட்டே, "இருக்கிறதுலயே நல்லதா குடுங்க"ன்னுவான். கார்டு தேய்ச்சாச்சு, வியாபாரம் முடிஞ்சது.

அந்தக் கேள்வியே தப்புன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு.

காது மெஷினுக்கு நாம கொடுக்கிற காசுல உண்மையான மதிப்பு உள்ளது மெஷினுக்கு இல்ல. அதை ஒருத்தரோட காதுக்கு ஏத்த மாதிரி அளந்து, பொருத்தி, சரியா இருக்கான்னு சோதிச்சுப் பாக்குற வேலைக்குத்தான். அந்த வேலையைச் செய்யாம பெட்டியை மட்டும் விக்கிறவங்களோடதான் என் சண்டை. அந்த வேலையைக் கேட்டு வாங்காம, "எவ்ளோ டிஸ்கவுண்ட்?"னு மட்டும் கேக்குற நம்ம ஜனங்களோடயும்.

முன்னாடியே சொல்லிடறேன். நான் டாக்டர் இல்லீங்க. பொட்டி தட்டுறவன். காலேஜ்ல ஃபில்டர், டெசிபல், சிக்னல் ப்ராசஸிங் எல்லாம் முக்கி முக்கிப் படிச்சு பாஸ் பண்ண கோஷ்டி. ஆனா பாருங்க, இன்னிக்கு காது மெஷின்னு விக்கிறது அதேதான்: ஒரு மைக், ஒரு குட்டி கம்ப்யூட்டர், ஒரு ஸ்பீக்கர். உள்ள ஓடுறது சாஃப்ட்வேர். அதனால இதைப் பத்திப் பேச நமக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

மொதல்ல காதுல என்ன கோளாறுன்னு புரிஞ்சுக்கணும். அது புரியலன்னா கடைக்காரர் சொல்றதுதான் வேதம்.

காது கேக்காம போறது ரெண்டு விதம். ஒண்ணு, வழியில அடைப்பு. குறும்பி அடைச்சுக்கிட்டிருக்கலாம், செவிப்பறையில ஓட்டை இருக்கலாம், நடுக்காதுல சீழ் இருக்கலாம், அங்க உள்ள குட்டி எலும்பு இறுகிப் போயிருக்கலாம். இதுல பலதுக்கு மருந்து உண்டு, ஆபரேஷன் உண்டு. குறும்பியை எடுத்ததுமே தெளிவா கேக்குதுன்னு எழுந்து போறவங்க உண்டு. இன்னொண்ணு, உள்காதுல கோளாறு. நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கிற காக்ளியாவுக்குள்ள மயிரிழை மாதிரி உணர் செல்கள் ஒவ்வொரு காதுலயும் ஏறக்குறைய 15,000 இருக்கு. வயசு, சத்தம், சில மருந்து, பரம்பரைன்னு பல காரணத்தால அது சாகுது. மனுஷனுக்கு அது திரும்ப முளைக்காது. ரெண்டும் சேர்ந்து வர்றதும் உண்டு. வயசானவங்களுக்கு வர்றது பெரும்பாலும் ரெண்டாவது ரகம்.

இந்த ரெண்டாவது ரகத்துல ஒரு விசித்திரம் இருக்கு. அந்த செல்கள் எல்லாம் ஒரே சீரா சாகிறதில்ல. காக்ளியாவோட வாசல் பக்கம் இருக்கிறதுதான் பெரும்பாலும் மொதல்ல போகுது. அதுதான் கீச்சுன்னு இருக்கிற உயர்ந்த சுருதியைக் கேக்குற இடம். தாழ்ந்த சுருதி பக்கம் பாதிப்பு கம்மியா இருக்கும்.

இதனால என்ன ஆகும்? தமிழையே எடுத்துக்குவோம். கடை, படை, தடை, சடை. நாலு சொல்லுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் மொத எழுத்தோட மெய் மட்டும்தான். க், ப், த், ச் எல்லாம் கண்ணிமைக்கிற நேரத்துல வந்து போற சன்னமான சத்தம். அதை அடையாளம் காட்டுற சங்கதி பெரும்பாலும் உயர்ந்த சுருதியில இருக்கு. பின்னாடி வர்ற "அடை"யில உயிரெழுத்துக்குத்தான் பலம் ஜாஸ்தி, அதுவும் தாழ்ந்த சுருதியில. ஆக, பேச்சோட சத்தம் உயிரெழுத்துல இருக்கு, அர்த்தம் மெய்யெழுத்துல இருக்கு. உயர்ந்த சுருதி போன காதுக்கு சத்தம் வருது, அர்த்தம் வரல. "நீ பேசுறது கேக்குதுடா, என்ன சொல்றேன்னுதான் புரியல"ன்னு பெரியவங்க சொல்றது சாக்கு இல்ல. அறிவியல்படி அட்சர சுத்தமான உண்மை.

இன்னொரு கொடுமையும் இருக்கு. மெதுவா பேசினா கேக்காது. சரின்னு சத்தமா பேசினா, "ஏன்டா கத்துறே, எனக்கென்ன செவிடா?"ன்னு கோவம் வரும். வீட்ல எல்லாரும் இதை வீம்புன்னு நினைப்பாங்க. வீம்பு இல்லீங்க. உள்காது கோளாறுல சின்ன சத்தம் கேக்கிற எல்லை மேல ஏறிடும், ஆனா "போதும், காது வலிக்குது"ங்கிற எல்லை அதே இடத்துலதான் நிக்கும். நடுவுல உள்ள இடைவெளி சுருங்கிப் போகுது. கொஞ்சம் கூட்டினாலும் வலிக்கும், கொஞ்சம் குறைச்சாலும் விழாது.

இப்ப சொல்லுங்க, இதுக்கு வெறுமனே வால்யூமைக் கூட்டுற பெட்டி என்ன செய்யும்? நல்லா கேக்குற உயிரெழுத்தையும் கூட்டும், ஃபேன் சத்தத்தையும் கூட்டும், மிக்சியையும் கூட்டும். வேண்டியது அது இல்ல. எந்த சுருதியில எவ்வளவு போயிருக்கோ அங்க மட்டும் தேவையான அளவு கூட்டணும். சின்ன சத்தத்தை நிறைய, பெரிய சத்தத்தைக் கொஞ்சமா. இது ஒவ்வொரு காதுக்கும் வேற வேற கணக்கு. ஆன்லைன்ல ஐநூறு, ஆயிரத்துக்கு வர்ற "சவுண்ட் ஆம்ப்ளிஃபையர்" சமாச்சாரத்தை அப்பாவுக்கு வாங்கிப் போடறவங்க இதை ஒரு தடவை படிச்சுடுங்க. கண்ணு தெரியாதவருக்கு ரோட்டோரம் கிடைச்ச கண்ணாடியை மாட்டி விடறதும் இதுவும் ஒண்ணுதான். என்ன, அளவு மீறின சத்தத்துல மிச்சம் இருக்கிற காதும் போகலாம்.

அந்தக் கணக்கோட ஆரம்பப் புள்ளிதான் ஆடியோகிராம். சத்தம் புகாத அறையில உக்கார வெச்சு, 250 ஹெர்ட்ஸ்ல இருந்து 8000 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒவ்வொரு சுருதியிலயும் எவ்வளவு சின்ன சத்தம் வரைக்கும் கேக்குதுன்னு அளந்து போடற கிராஃப். நல்லா கேக்குற இளவட்டங்களோட சராசரிதான் பூஜ்யம் டெசிபல். உலக சுகாதார நிறுவனத்தோட 2021 அறிக்கைப்படி 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் நாலுக்கும் சராசரி எடுத்து, 20க்குக் கீழ இருந்தா இயல்பு. 20ல இருந்து 35 வரை லேசு, 35ல இருந்து 50 வரை மிதம், அதுக்கு மேல ஒவ்வொரு 15க்கும் ஒரு படி கடுமை.

இங்க ஒரு பித்தலாட்டத்தைப் போட்டு உடைக்கணும். "சாருக்கு 60 சதவீதம் காது போச்சு"ன்னு சொல்றாங்க பாருங்க, அது புருடா. 60 டெசிபல்ங்கிறது 60 சதவீதம் இல்ல. டெசிபல் ஒரு லாகரிதம் கணக்கு. 20 டெசிபல் ஏறினா ஒலி அழுத்தம் பத்து மடங்கு, 40 ஏறினா நூறு மடங்கு, 60 ஏறினா ஆயிரம் மடங்கு. (மாற்றுத்திறனாளி சான்றிதழ்ல சதவீதம் போடுவாங்க, அது அரசாங்கம் வெச்சிருக்கிற வேற ஃபார்முலா.) டெசிபலை சதவீதம்னு ஒருத்தர் சொன்னா, அவருக்குத் தெரியலன்னு அர்த்தம், இல்லேன்னா உங்களை பயமுறுத்துறாருன்னு அர்த்தம். ரெண்டுல எதுவா இருந்தாலும் அங்க இருந்து கிளம்பிடுங்க.

இப்ப எங்க பெரியப்பா கதைக்கு வர்றேன். மன்னார்குடி பக்கம் கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். சாயங்காலம் ஆனா நாலு பேரைச் சேத்துக்கிட்டு திண்ணையில அரசியல் பேசலன்னா அவருக்கு சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்ட மனுஷன் கொஞ்சம் கொஞ்சமா திண்ணைக்கு வர்றதை நிறுத்தினார். நான் போன் பண்ணா, "இந்தா, உன் பெரியம்மாகிட்ட பேசு"ன்னு போனைக் கைமாத்திடுவார். கல்யாண வீட்ல ஓரமா உக்காந்து எல்லாத்துக்கும் சிரிச்சுக்கிட்டே தலையாட்டுவார். கேட்ட கேள்வி ஒண்ணா இருக்கும், ஆட்டின தலை வேறயா இருக்கும்.

எங்க அண்ணன் அவரை ஒரு கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போனான். ஊர் பேர், கடை பேர் எல்லாம் வேணாம். "இலவச பரிசோதனை"ன்னு போர்டு. பரிசோதனை நடந்த ரூமுக்கு வெளியில பஸ் ஹாரன். பத்து நிமிஷத்துல முடிஞ்சது. கம்ப்யூட்டர்ல ஏதோ தட்டி, ரெண்டு காதுலயும் மாட்டி, "கேக்குதா சார்?"னு கேட்டாங்க. "கேக்குது"ன்னார். ஜோடி 96,000 ரூபாய். ஆடியோகிராம் காப்பி கேட்டதுக்கு, "அது எங்க சிஸ்டத்துல இருக்கு சார், உங்களுக்கு எதுக்கு?"

மூணே வாரம். ஃபேன் சத்தம் இரைச்சலா இருக்கு, தட்டு கீழ விழுந்தா இடி விழுந்த மாதிரி இருக்கு, ஆனா பேத்தி பேசுறது மட்டும் புரியலன்னு கழட்டி பீரோவுல வெச்சுட்டார். கடைக்குப் போனா, "பழகப் பழக சரியாயிடும் சார்." ரெண்டாவது தடவை போனப்போ, "இந்த மாடல் கொஞ்சம் பழசு சார், சாருக்கு இதுக்கு மேல உள்ள சேனல்தான் செட்டாகும்." அடப்பாவிகளா!

அப்புறம் ஒரு மருத்துவக் கல்லூரியில காது பரிசோதனைப் பிரிவுல வேலை பாக்குற ஆடியோலஜிஸ்ட் அம்மாகிட்ட அவரைக் கூட்டிக்கிட்டுப் போனோம். அவங்க மறுபடி மொதல்ல இருந்து அளந்தாங்க. வலது காதுல 500ல 25, 1000ல 35, 2000ல 55, 4000ல 70. சராசரி 46 சொச்சம். அதாவது மிதமான குறைபாடு, ஆனா உயர்ந்த சுருதி பக்கம் சறுக்கு மரம் மாதிரி இறங்குது. அடுத்ததா நூல் மாதிரி மெல்லிய குழாய் ஒண்ணை காதுக்குள்ள செவிப்பறை பக்கத்துல வரைக்கும் விட்டு, மேல மெஷினை மாட்டி, ஸ்பீக்கர்ல பேச்சை ஓட விட்டாங்க. செவிப்பறைகிட்ட நிஜமாவே எவ்வளவு சத்தம் வந்து சேருதுன்னு திரையில கோடு விழுந்தது. 4000 பக்கம் வர வேண்டியதுக்கு 15 டெசிபலுக்கு மேல கம்மி. தாழ்ந்த சுருதியில தேவைக்கு மேல ஜாஸ்தி. ஃபேன் ஏன் இரைஞ்சது, பேத்தி ஏன் புரியலங்கிறதுக்குக் காரணம் கண்ணு முன்னாடி கோடா நின்னுது!

அந்தக் கம்பெனியோட சாஃப்ட்வேர் அவங்ககிட்ட இருந்தது. முக்கால் மணி நேரத்துல கோட்டைச் சரி பண்ணாங்க. அதே மெஷின், அதே சேனல், பீரோவுல தூங்கின அதே 96,000 ரூபாய் சமாச்சாரம். மொத்தமா வாங்கின ஃபீஸ் 1,500 ரூபாய். ஒவ்வொரு நாளும் கொஞ்ச கொஞ்ச நேரமா போட்டுப் பழகச் சொன்னாங்க, மூளைக்குப் பழக சில வாரம் ஆகும்னாங்க, ரெண்டு தடவை வரச் சொல்லி மறுபடி திருத்தினாங்க. இப்ப போன்ல எங்கிட்டயே பேசுறார். திண்ணைக்கும் வந்துட்டார். கல்யாண மண்டபத்துல மேளச் சத்தத்துக்கு நடுவுல இன்னிக்கும் அவருக்குக் கஷ்டம்தான், பொய் சொல்லல. உள்காதுல போனதை எந்த மெஷினும் முழுசா திருப்பித் தராது.

இதுக்குப் பேரு ரியல் இயர் மெஷர்மென்ட். புதுசா கண்டுபிடிச்ச வித்தையெல்லாம் இல்ல, பல பத்து வருஷமா இருக்கு. எதுக்கு இது வேணும்? கம்ப்யூட்டர்ல ஆடியோகிராமைத் தட்டினதும் கம்பெனி சாஃப்ட்வேர் தானா ஒரு செட்டிங் போடும். அதை "ஃபர்ஸ்ட் ஃபிட்"னு சொல்லுவாங்க. அது ஒரு சராசரிக் காதுக்குப் போட்ட கணக்கு. நிஜக் காதுல குழாயோட நீளம், அகலம், வளைவு எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே மெஷின் ரெண்டு பேர் காதுல ரெண்டு விதமா ஒலிக்கும். 2007ல பிரிட்டன்ல ஆஸ், மூர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து பாத்தாங்க. அப்படியே தானா போட்ட செட்டிங்ல 64 சதவீதம், ஏதாவது ஒரு சுருதியிலயாவது இலக்குல இருந்து 10 டெசிபலுக்கு மேல விலகியிருந்தது. காதுக்குள்ள அளந்து திருத்தினதுக்கு அப்புறம் பெரும்பாலானது இலக்குக்குள்ள வந்துடுச்சு.

நம்ம பாஷையில சொன்னா, க்ளையன்ட் இடத்துல டீஃபால்ட் செட்டிங்ல இன்ஸ்டால் பண்ணி, ஒரு டெஸ்ட் கூட ஓட்டாம, "பழகப் பழக சரியாயிடும்"னு சொல்லிட்டு பில் போட்டுட்டுப் போறது. எங்க ஆபீஸ்ல எவனாவது இப்படிப் பண்ணினா அன்னிக்கே சீட்டு கிழிஞ்சிடும். காதுல மட்டும் இது எப்படிங்க நடைமுறையாச்சு?

"அப்ப விலை ஜாஸ்தியான மெஷின்ல ஒண்ணுமே இல்லையா?"ன்னு கேப்பீங்க. இருக்கு. இரைச்சலைக் குறைக்கிற விதம், ப்ளூடூத், சார்ஜ் போடற வசதி இதெல்லாம் இருக்கு. தேவைப்படறவங்களுக்கு அது நல்லதுதான். ஆனா பேச்சு புரியறதுல அது எவ்வளவு கூட்டுதுன்னு பாத்தவங்க இருக்காங்க. அமெரிக்காவுல மெம்பிஸ் பல்கலைக்கழகத்துல ராபின் காக்ஸ் குழு 2014ல வெளியிட்ட ஆய்வுல, முறையா பொருத்தின சாதா மாடலுக்கும் உச்ச விலை மாடலுக்கும் அன்றாட வாழ்க்கையில சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் தெரியல. 2017ல இண்டியானா பல்கலைக்கழகத்துல லாரி ஹ்யூம்ஸ் குழு ஒரே மெஷினை, ஆடியோலஜிஸ்ட் பொருத்திக் கொடுத்தது, தானே எடுத்துப் போட்டுக்கிட்டதுன்னு பிரிச்சுப் பாத்தாங்க. சோதனை முடிவுல மெஷினை வெச்சுக்கிறேன்னு சொன்னவங்க, பொருத்தினவங்கள்ல 81 சதவீதம், தானே போட்டுக்கிட்டவங்கள்ல 55. அதே ஆய்வுல ஒரு பகுதிப் பேர்கிட்ட நிறைய விலையும், இன்னொரு பகுதிப் பேர்கிட்ட குறைஞ்ச விலையும் வாங்கிப் பாத்தாங்க. விலையால பலன் மாறவே இல்ல!

சேனலும் அப்படித்தான். கொஞ்சம் சேனல் வேணும், உண்மை. சறுக்கு மரத்துக்கு ஏத்த மாதிரி சுருதியைத் துண்டு துண்டா பிரிச்சுக் கூட்டக் குறைக்க அதுதான் உதவும். ஆனா ஆடியோகிராம்லயே அளக்கிறது பத்துப் பன்னெண்டு புள்ளிதான். அதை நிரப்பின பிறகு மேல மேல சேனலைக் கூட்டுறது, சின்ன ஃபோட்டோ பிரிண்ட் போட நூறு மெகாபிக்சல் கேமரா வாங்கின கதை. "ஃபுல் டிஜிட்டல் சார்"னு இன்னமும் பெருமையா சொல்றாங்க பாருங்க, முழு டிஜிட்டல் காது மெஷின் 1996லயே கடைக்கு வந்தாச்சு. இப்ப அது ஒரு தகுதியா?

கடைக்காரங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். ஒருத்தருக்கு ஒழுங்கா பொருத்த ஒண்ணரை மணி நேரம் ஆகும். அந்த ப்ரோப் மெஷின் லட்சக்கணக்குல விலை. படிச்ச ஆளுக்கு சம்பளம் கொடுக்கணும். ஆனா வர்றவங்க "டெஸ்டுக்குக் காசா? ட்யூனிங்குக்கும் காசா?"ன்னு சண்டை போடறாங்க. அதனால எல்லாத்தையும் இலவசம்னு சொல்லிட்டு, அந்தக் காசை பெட்டி விலையில ஏத்திடறாங்க. சரி, ஏத்துங்க. ஆனா ஏத்தின காசுக்கு வேலை நடக்கணும்ல? விலைக்குள்ள பொருத்துற கூலி இருக்கு, பொருத்துறது மட்டும் இல்ல. இதைத்தான் நான் கொள்ளைங்கிறேன். பெட்டிக்கு ஒரு பில், பரிசோதனைக்கு ஒரு பில், பொருத்தறதுக்கு ஒரு பில்னு தனித்தனியா போட்டுப் பாருங்க. அப்பத்தான் நமக்கும் எது விலை, எது கூலின்னு தெரியும். அந்தக் கூலியை பேரம் பேசாம கொடுக்க நாமளும் தயாரா இருக்கணும். எந்த முகாமா இருந்தாலும் இதே கேள்விதான்: எத்தனை மெஷின் கொடுத்தீங்கன்னு கேக்காதீங்க, எத்தனை காதுல அளந்து பொருத்தினீங்கன்னு கேளுங்க.

அடுத்த தூண்டில், "வெளியவே தெரியாது சார்!" கேக்குறதை விட மறைக்கிறது முக்கியம்னு நம்ம ஆளுங்க நினைக்கிறதுல சம்பாதிக்கிற வழி. செவிடன் காதுல ஊதின சங்குன்னு பழமொழி வெச்சிருக்கிற ஊர்ல வெக்கம் வராம இருக்குமா? மூக்கு மேல ரெண்டு கண்ணாடியைத் தூக்கி வெச்சுக்கிட்டு ஸ்டைலா திரியலாமாம், காது பின்னாடி ஒரு சின்ன மெஷின் இருந்தா மட்டும் அவமானமாம். காதுக்குள்ள முழுசா போற குட்டி மெஷின்ல பேட்டரியும் குட்டி, சில நாள்லயே தீரும். விரல் நடுங்குற பெரியவரால அதை மாத்த முடியாது. குறும்பியும் வேர்வையும் சீக்கிரம் அடைச்சுக்கும். டெலிகாயில் வைக்கவும் பெரும்பாலும் இடம் இருக்காது. கடுமையான குறைபாட்டுக்கு அதோட பலமும் பத்தாது. எங்க பெரியப்பா போட்டிருக்கிறது காதுக்குப் பின்னாடி நிக்கிற சாதா ரகம். எல்லாருக்கும் தெரியுது. தெரிஞ்சதால எல்லாரும் அவர் முகத்தைப் பாத்துப் பேசுறாங்க. லாபம்தானே?

இன்னொரு ஆயுதம் பயம். "மெஷின் போடலன்னா மறதி நோய் வரும்." காது கேக்காமைக்கும் டிமென்ஷியாவுக்கும் தொடர்பு இருக்குன்னு லான்செட் குழு 2020லயும் 2024லயும் சொல்லியிருக்கு, நிஜம். ஆனா மெஷின் போட்டா தடுக்குமான்னு மூணு வருஷம் பாத்து 2023ல வந்த அச்சீவ் ஆய்வுல, மொத்த ஆட்களையும் சேத்துப் பாத்தா வித்தியாசம் இல்ல. ஏற்கெனவே ஆபத்து அதிகமா இருந்த பிரிவுல மட்டும் மூளைத் திறன் சரிவு 48 சதவீதம் மெதுவாச்சு. அந்த ஆய்வுலயும் ஆடியோலஜிஸ்ட் பொருத்தி, ஆலோசனை சொல்லித்தான் கொடுத்தாங்க. பீரோவுல தூங்குற மெஷின் எந்த நோயையும் தடுக்காது சாமி.

அமெரிக்காவுல 2022 அக்டோபர்ல இருந்து லேசான, மிதமான குறைபாடு உள்ள பெரியவங்க சீட்டு இல்லாமலே கடையில மெஷின் வாங்கலாம். 2024 செப்டம்பர்ல ஏர்பாட்ஸ் ப்ரோ 2ல ஓடற சாஃப்ட்வேருக்கே காது மெஷின்னு அனுமதி கொடுத்தாங்க. அப்ப அளக்கிறது தேவையில்லயேன்னு நினைக்காதீங்க. அதுவும் மொதல்ல காதை சோதிச்சு, அந்த கிராஃபை வெச்சுத்தான் கூட்டுது. இலவசமா ஓடற சாஃப்ட்வேரே அளந்துட்டுத்தான் ஆரம்பிக்குது, லட்ச ரூபாய் வாங்குற கடை அளக்காதா?

சரி, வாங்கப் போறவங்க கேக்க வேண்டியது இதுதான். தாள்ல எழுதி எடுத்துக்கிட்டுப் போங்க.

1. மொதல்ல ஈ.என்.டி. டாக்டர், அப்புறம்தான் கடை. திடீர்னு ஒண்ணு ரெண்டு நாள்ல காது கேக்காம போனா அது அவசரம், அன்னிக்கே ஓடுங்க, நாள் போகப் போக திரும்பக் கிடைக்கிற வாய்ப்பு குறையும். ஒரு காது மட்டும் குறைஞ்சாலோ, சீழ், தலைசுத்தல் இருந்தாலோ மெஷின் பேச்சே எடுக்காதீங்க.

2. ஆடியோகிராம் காப்பி கையில வேணும். காத்து வழியா, எலும்பு வழியா ரெண்டும் அளந்திருக்கணும். சொல் எவ்வளவு புரியுதுங்கிற பேச்சுப் பரிசோதனையும் வேணும்.

3. பொருத்துறவர் ஆடியோலஜிஸ்டா, ரிஹாபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியா பதிவு எண் இருக்கான்னு கேளுங்க. 1992 சட்டப்படி வந்த அமைப்பு அது. கேக்குறதுல தப்பே இல்ல.

4. "என்.ஏ.எல். ஃபார்முலாவா, டி.எஸ்.எல். ஃபார்முலாவா? ரியல் இயர் பண்ணுவீங்களா?" இந்த ஒரு கேள்வி போதும். எதிர்ல இருக்கிறவர் முகம் மலர்ந்தா நல்ல இடம். "அதெல்லாம் எதுக்கு சார்"னா வேற இடம் பாருங்க.

5. வீட்டுக்குக் கொண்டு போய்ப் போட்டுப் பாக்க எத்தனை நாள், பிடிக்கலன்னா எவ்வளவு திரும்பும், எத்தனை தடவை இலவசமா திருத்துவீங்க, எல்லாம் எழுத்துல.

6. வித்த கடை மட்டுமே திருத்த முடியற மாதிரி மெஷினைப் பூட்டி வெச்சிருக்கான்னு கேளுங்க. பூட்டியிருந்தா வாங்காதீங்க. ஊர் மாறினா தொலைஞ்சீங்க.

7. ரெண்டு காதும் ஒரே மாதிரி குறைஞ்சிருந்தா, காஸ்ட்லியா ஒண்ணை விட சுமாரா ரெண்டு நல்லது. சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு தெரிய ரெண்டு காது வேணும்.

8. 2017ல ஜி.எஸ்.டி. வந்ததுல இருந்தே காது மெஷினுக்கு வரி கிடையாது. பில்லுல வரி போட்டா நிறுத்திக் கேளுங்க.

காசு இல்லாதவங்களும் ஒதுங்க வேணாம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில காது பரிசோதனை உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலமாவும், மத்திய அரசோட ஏ.டி.ஐ.பி. திட்டத்துலயும் தகுதி இருக்கிறவங்களுக்கு மெஷின் கிடைக்கும். மைசூர்ல 1965ல இருந்து இதுக்குன்னே ஒரு அகில இந்திய நிறுவனம் இருக்கு. அங்கயும் அதே கேள்வியைக் கேளுங்க: "என் காதுல அளந்து பாத்தீங்களா?"

உலகத்துல காது மெஷின் தேவைப்படறவங்கள்ல 17 சதவீதம் பேர்தான் போட்டுக்கிறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2021ல சொல்லுச்சு. அந்தப் பதினேழுலயும் எத்தனை பீரோவுல தூங்குதோ! ஒவ்வொரு பீரோவுக்குப் பின்னாடியும் ஒரு வீடு இருக்கு. "அவருக்கு ஒண்ணும் புரியாது, விடு"ன்னு பழகிப் போன வீடு. அவருக்குப் புரியும்ங்க. கடைசியில இருக்கிற அந்தப் பதினஞ்சு டெசிபலைக் கொண்டு போய்ச் சேக்க ஒருத்தர் முக்கால் மணி நேரம் ஒதுக்கணும், அவ்வளவுதான். உங்க வீட்டு பீரோவுல ஒண்ணு கிடந்தா, புதுசு வாங்குறதுக்கு முன்னாடி அதை எடுத்துக்கிட்டுப் போய் அளக்கச் சொல்லுங்க.

பி.கு: இது பெரியவங்களுக்கான பதிவு. குழந்தைக்குக் காது கேக்கலன்னு சந்தேகம் வந்தா, "பேச லேட்டாகும், எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான்"னு தாத்தா பாட்டி சொல்றதைக் கேட்டு ஒரு மாசம் கூட தள்ளிப் போடாதீங்க. பொறந்த ஆறு மாசத்துக்குள்ள சிகிச்சை ஆரம்பிக்கிறதுதான் இலக்கு.

பி.பி.கு: காது மெஷின் கடை வெச்சிருக்கிற அன்பர்கள் பின்னூட்டத்துல வந்து தாராளமா திட்டலாம். திட்டும்போது உங்க கடையில ரியல் இயர் மெஷின் இருக்கா, அதைக் கடைசியா எப்ப ஆன் பண்ணீங்கன்னும் சேத்து எழுதிடுங்க :-)